ஆணுறை கேட்டால் "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்கிறார்கள். நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள்?

#1 முல்லைநிலவன் (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

எச்.ஐ.வி பற்றிச் சந்தேகம் கேட்கும் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு ஆண்களோடு தொலைபேசியில் பேசும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். ஆணுறை எதற்கு என்று தெரியாமல் என்னிடம் யாரும் பேசியதில்லை. எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் பயந்துபோய்த்தான் அழைக்கிறார்கள்.

பெரும்பாலும் ஒரே கதைதான். முன்பின் தெரியாத ஒருவரோடு முதல் தடவை ஆணுறை இருக்கிறது. அதே ஆளை மறுபடி பார்க்கிறார்கள், பிடித்துப்போகிறது. ராத்திரி நெடுநேரம் பேசுகிறார்கள், சாப்பிட்டாயா என்று விசாரித்துக்கொள்கிறார்கள். அடுத்த தடவையோ அதற்கடுத்த தடவையோ ஆணுறை காணாமல் போகிறது. நடுவில் இரண்டு பேரும் பரிசோதனைக்குப் போகவில்லை. "இனி வேண்டாமா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை. நெருக்கம் கூடியதையே பாதுகாப்பு கூடியதாக எடுத்துக்கொண்டார்கள்.

2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஐந்து நகரங்களில் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களின் தரவை வைத்து ஒரு கணக்குப் போட்டது. புதிய தொற்றுகளில் ஏறத்தாழ 68 சதவீதம் நிலையான துணையிடமிருந்து வந்தவை என்பது அதன் முடிவு. காரணத்தையும் சொன்னார்கள்: நிலையான துணையோடு உறவு அடிக்கடி நடக்கிறது, அங்கேதான் ஆணுறை குறைவு. தெரியாதவன்தான் ஆபத்து, தெரிந்தவன் பத்திரம் என்று நாம் மனத்தில் போட்டு வைத்திருக்கும் கோட்டுக்கு இது நேர் எதிர்.

விட்ட ஆணுறையைத் திரும்பக் கொண்டுவருவது அதைவிடக் கஷ்டம். சில மாதம் பழகிய பிறகு ஒருவன் எடுத்து வைத்தால், "ஏன், என்னைச் சந்தேகப்படுறியா?" என்று கேள்வி வருகிறது. இல்லாவிட்டால், "நீ வெளிய யாரையாவது பார்க்கிறியா?" எப்படிப் பார்த்தாலும் ஒருவன் குற்றவாளி ஆகிறான். அந்தப் பேச்சுக்குப் பயந்தே பேசாமல் விட்டுவிடுகிறார்கள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இது அறிவுப் பற்றாக்குறை இல்லை. நம்பிக்கையையும் பாதுகாப்பையும் ஒரே முடிச்சில் போட்டுவிட்டோம், அதை அவிழ்க்காமல் எவ்வளவு பிரசாரம் செய்தாலும் பயன் இருக்காது.

உங்கள் அனுபவத்தில் பேச்சை யார் முதலில் எடுத்தீர்கள்? எப்படி எடுத்தீர்கள்? யார் எப்படி உறவுகொள்கிறார் என்று இங்கே யாரும் தீர்ப்பு எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

#2 மின்மினி23

அண்ணா, ஓப்பனா சொல்லிடறேன். நான் காண்டம் போடறதில்ல. ப்ரெப் எடுக்கிறேன், அதாவது எச்.ஐ.வி வராம இருக்க முன்கூட்டியே போடற மருந்து, தினம் ஒரு மாத்திரை, மூணு மாசத்துக்கு ஒரு தடவை டெஸ்ட்.

எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து "கே"ன்னா எய்ட்ஸ், எய்ட்ஸ்னா சாவுன்னுதான் காதுல விழுந்துச்சு. யாரையும் தொடறதுக்கு முன்னாடியே பயம் வந்துடுச்சு. காண்டம் போட்டாலும் பயம் போகல. கிழிஞ்சிருக்குமோ, நழுவியிருக்குமோன்னு ராத்திரி முழுக்க யோசிப்பேன். லேசா தொண்டை வலிச்சாலே இணையத்துல அறிகுறி தேட ஆரம்பிச்சுடுவேன். ப்ரெப் ஆரம்பிச்ச அப்புறம்தான் ஒருத்தர் பக்கத்துல நிம்மதியா தூங்கினேன். இத நான் சின்ன விஷயமா நினைக்கல.

ஆனா மாத்திரை எடுக்கிறேன்னு சொன்னா உடனே "ஓ, எல்லார்கூடவும் போறவனா?"ன்னு ஒரு பார்வை. காண்டம் போட்டா நல்ல பையன், மாத்திரை போட்டா கெட்ட பையன். காண்டம்ங்கறது மேல இருந்து திணிச்ச ரூல் மாதிரி ஆயிடுச்சு. ஏன் அதையே கெட்டியா பிடிச்சுட்டு இருக்கணும்?

#3 பழையதோழன்

தம்பி மின்மினி, நீ நிம்மதியாகத் தூங்குகிறாய் என்பதில் எனக்கு உண்மையான சந்தோஷம். "மேல இருந்து திணிச்ச ரூல்" என்ற இடத்தில் மட்டும் மறுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கை, லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அபூர்வ நுரையீரல் தொற்றைப் பற்றி எழுதியது. ஐந்து பேரும் தன்பாலீர்ப்பு ஆண்கள். காரணம் யாருக்கும் தெரியாது. அடுத்து வந்த ஆண்டுகளில் மேலே இருந்தவர்கள் பலர் சொன்ன அறிவுரை என்ன தெரியுமா? உறவே வேண்டாம், ஒதுங்கி இருங்கள். அவ்வளவுதான்.

1983-இல் நியூயார்க்கில் மைக்கேல் கேலன், ரிச்சர்ட் பெர்கோவிட்ஸ் என்ற இரண்டு தன்பாலீர்ப்பு ஆண்கள், ஜோசப் சொனபென்ட் என்ற மருத்துவரின் வழிகாட்டலில் ஒரு சிறு கையேடு போட்டார்கள். எய்ட்ஸுக்கு இன்ன வைரஸ்தான் காரணம் என்று உறுதியாகாத நேரம் அது. உடல் திரவம் பரவாமல் பார்த்துக்கொண்டால் அன்பையும் உறவையும் விட வேண்டியதில்லை, ஆணுறை பயன்படுத்துங்கள் என்று சொன்னவர்கள் அவர்கள். நோயாளிகளாக இருந்துகொண்டே எழுதினார்கள். ஆக, அந்த வழியைக் கண்டுபிடித்தவர்கள் நம் ஆட்கள். யாரும் திணிக்கவில்லை.

1996-இல் கூட்டு மருந்து சிகிச்சை வரும்வரை ஆணுறையை விட்டால் எங்களுக்கு வேறு கதி இல்லை. எங்கள் தலைமுறைக்கு அது சட்டமோ தண்டனையோ கிடையாது. உனக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதை அப்படித்தான் சொன்னோம். நண்பர்களை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்த கையோடு புதியவர்களுக்கு ஆணுறைப் பொட்டலம் கொடுத்தவர்கள் எங்களில் இருந்தார்கள்.

மாத்திரைக்கு நான் எதிரி இல்லை. 1985-இல் ப்ரெப் இருந்திருந்தால் நான் இழந்தவர்களில் பாதிப் பேராவது இன்று இந்த இழையில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆணுறையைக் கேவலமாகப் பேசாதே என்பது மட்டும்தான் என் வேண்டுகோள்.

#4 நேர்கோடு

பழையதோழன் ஐயா மென்மையாகச் சொல்கிறார், நான் நேராகச் சொல்கிறேன். மாத்திரை வந்த பிறகு பொறுப்பு போய்விட்டது. ப்ரெப் எச்.ஐ.வி-யை மட்டும்தான் தடுக்கும். சிபிலிஸ், கொனோரியா, கிளமிடியா போன்ற மற்ற பால்வினை நோய்கள் எதற்கும் அது கவசம் இல்லை. இன்று துணை தேடும் செயலிகளில் ஆணுறை என்று கேட்டாலே ஆளைத் தடை செய்துவிடுகிறார்கள். மாத்திரை எடுக்காத ஒருவன், எடுக்கிறேன் என்று பொய் சொல்வது எவ்வளவு சுலபம்? ஆணுறை கண்ணுக்குத் தெரியும், மாத்திரை தெரியாது. இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

#5 ஆய்வகத்தான்

பால்வினை நோய்ப் பரிசோதனை செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு பக்கத்திலும் பாதி உண்மை இருக்கிறது.

முதலில் ஆணுறை. 2015-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, ஆண்களுக்கிடையிலான ஆசனவாய் உறவில் எப்போதும் ஆணுறை பயன்படுத்துவதாகச் சொன்னவர்களுக்கு எச்.ஐ.வி ஆபத்து 70 சதவீதம் குறைந்ததாகக் கண்டது. ஆய்வுக்காலம் முழுக்க "எப்போதும்" என்று சொன்னவர்கள் 16 சதவீதம் பேர்தான். "சில நேரம்" பயன்படுத்தியவர்களுக்கும் பயன்படுத்தவே செய்யாதவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. "நான் பெரும்பாலும் போடுவேன்" என்று சொல்லித் தைரியமாக இருப்பவர்கள் இந்தக் கடைசி வரியை மறுபடி ஒருமுறை படியுங்கள்.

இனி ப்ரெப். இங்கிலாந்தில் நடந்த ப்ரௌட், பிரான்சிலும் கனடாவிலும் நடந்த இபெர்கே ஆகிய இரண்டு ஆய்வுகளிலும் எச்.ஐ.வி 86 சதவீதம் குறைந்தது. அதற்கு முன் 2010-இல் வந்த ஐப்ரெக்ஸ் ஆய்வில் மொத்தமாகப் பார்த்தால் 44 சதவீதம்தான். மாத்திரையை வாங்கியவர்கள் பலர் விழுங்கவில்லை, காரணம் அதுதான். ரத்தத்தில் மருந்து தெரிந்தவர்களை மட்டும் பார்த்தால் பாதுகாப்பு 90 சதவீதத்துக்கு மேல்.

நேர்கோடு சொல்வது போல ஆணுறைப் பயன்பாடு குறைந்ததா? குறைந்தது. சிட்னியிலும் மெல்போர்னிலும் 2013-இல் 46 சதவீதமாக இருந்த தொடர் பயன்பாடு 2017-இல் 31 சதவீதம் ஆனது. அதே காலத்தில் சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ப்ரெப்பைப் பெரிய அளவில் கொடுத்தார்கள். ஓராண்டில் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடையே புதிய எச்.ஐ.வி தொற்று சுமார் 25 சதவீதம் குறைந்தது. ஆணுறை குறைந்தும் எச்.ஐ.வி குறைந்தது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மற்ற நோய்கள் கூடின, அதுவும் உண்மை. ஆனால் மெல்போர்னை மையமாக வைத்து நடந்த ஒரு பெரிய ப்ரெப் ஆய்வில், 25 சதவீதம் பேரிடமே 76 சதவீத பால்வினைத் தொற்றுகள் இருந்தன. மாத்திரை எடுக்கிற எல்லோரும் கண்டபடி திரிகிறார்கள் என்ற சித்திரம் சரியில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வருவதால் அவர்களுக்கு நோய் சீக்கிரம் கண்டுபிடிக்கப்பட்டுச் சிகிச்சையும் நடக்கிறது. பரிசோதனைக்கே வராதவர் உடம்பில் சிபிலிஸ் சத்தமில்லாமல் வருடக்கணக்கில் இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாது என்ற கேள்வி நியாயமானது. அடுத்தவர் எடுக்கும் ப்ரெப் அவரைக் காக்கிறது. நீங்கள் அவர் வாய்ச்சொல்லை மட்டும் நம்ப வேண்டியிருந்தால், உங்கள் கவசம் உங்கள் கையில் இருக்கட்டும்: உங்கள் ஆணுறை, அல்லது உங்கள் ப்ரெப்.

#6 ஈரநிலம்

எனக்கு எச்.ஐ.வி இருக்கிறது. பல வருடமாக மருந்து எடுக்கிறேன், வைரஸ் அளவு பரிசோதனையில் தென்படாத நிலையில் இருக்கிறது.

இந்த இழையில் எல்லோரும் தொற்று இல்லாதவர்களின் பயத்தைப் பற்றியே பேசுவதால் எழுதுகிறேன். பார்ட்னர்-2 என்ற ஆய்வு 2019-இல் லான்செட் இதழில் வந்தது. ஒருவருக்குத் தொற்று இருந்து, மற்றவருக்கு இல்லாத 782 ஆண் இணைகள். தொற்று உள்ளவர் சிகிச்சையில் இருந்தார், வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 200 பிரதிகளுக்குக் கீழே. ஆணுறை இல்லாமல் 76,088 முறை ஆசனவாய் உறவு நடந்ததாகக் கணக்கு. துணைவரிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. அந்தக் காலத்தில் 15 பேருக்குப் புதிதாகத் தொற்று வந்தது, மரபணுவை ஒப்பிட்டபோது அத்தனையும் வேறு இடத்திலிருந்து வந்தவை என்று தெரிந்தது. வைரஸ் தென்படாவிட்டால் உடலுறவில் பரவாது. "ரிஸ்க் குறைவு" என்று மழுப்ப வேண்டியதில்லை, பரவாது.

இனி என் அனுபவம். என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுவேன். பாதிப் பேர் மறைந்துவிடுவார்கள். மீதிப் பேர் ஆணுறையோடு வருவார்கள், அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. என்னை உறுத்துவது வேறு. ஒருவர் என்னோடு அவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொன்ன வேறொருவரோடு ஆணுறை இல்லாமல் இருந்ததாக என்னிடமே சொன்னார். அந்த ஆள் கடைசியாக எப்போது சோதித்துக்கொண்டார் என்று கேட்டேன். தெரியாது என்றார். புதிதாகத் தொற்று வந்த முதல் சில வாரங்களில்தான் வைரஸ் அளவு உச்சத்தில் இருக்கும், அப்போது பரிசோதனையில் தெரியாமலும் போகலாம். ஆக, அவர் என்னிடம் பயந்தார், பயப்பட வேண்டிய இடத்தில் நம்பினார்.

முல்லைநிலவன், நீங்கள் சொன்ன முடிச்சின் இன்னொரு நுனி இது. உண்மையைச் சொல்பவன் தண்டிக்கப்படுகிறான். அப்படியிருக்க யார் பரிசோதனைக்குப் போவார்கள், யார் சொல்வார்கள்?

#7 இருகரை

நீண்ட காலமாகப் படிக்க மட்டும் செய்கிறேன். முதல் தடவை எழுதுகிறேன்.

எனக்குக் கல்யாணமாகிவிட்டது. மனைவிமேல் பிரியம் இல்லாமல் இல்லை. ஆண்கள்மேல் ஈர்ப்பும் இருக்கிறது, கல்யாணத்துக்கு முன்பே இருந்தது. எப்போதாவது, திட்டமிடாமல் நடந்துவிடுகிறது. வீட்டில் ஆணுறை வைக்க முடியாது, மாத்திரை டப்பா வைக்க முடியாது. பையில் இருந்து எடுத்தால் கேள்வி வரும். அதனால் அந்த நேரத்தில் கையில் எதுவும் இருப்பதில்லை. எதிரில் இருப்பவர் வைத்திருந்தால் உண்டு. மேலே இருப்பவனுக்கு, அதாவது நுழைப்பவனுக்கு, எச்.ஐ.வி வராது என்று ஒருவர் சொன்னதை நம்பிக்கொண்டு இருக்கிறேன்.

பரிசோதனைக்குப் போனால் அதுவே ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி தோன்றுகிறது. ஆனால் மனைவிக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற எண்ணம் விடுவதில்லை. என்ன செய்யலாம்?

#8 நேர்கோடு

கட்டிய மனைவியை ஏமாற்றிவிட்டு இங்கே வந்து ஆலோசனை கேட்கிறீர்களே, முதலில் அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

#9 நெறியாளர்

இழையின் முதல் பதிவில் இருக்கும் வேண்டுகோளை எல்லோரும் மதிக்கவும். இருகரை கேட்டது உடல்நலக் கேள்வி. அதற்குத் தெரிந்தவர்கள் பதில் சொல்லலாம். யாரும் ஊர், பெயர், செல்லும் மருத்துவமனை விவரங்களை எழுத வேண்டாம்.

#10 ஆய்வகத்தான்

இருகரை, நீங்கள் எழுதியது நல்லது.

மேலே இருப்பவருக்கு வராது என்பது தவறு. சிகிச்சை, ஆணுறை எதுவும் இல்லாத நிலையில், தொற்று உள்ள ஒருவரோடு ஆசனவாய் உறவில் பெறுபவருக்கு 10,000 முறைக்கு 138 தொற்று என்பது மதிப்பீடு. நுழைப்பவருக்கு 10,000-க்கு 11. குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. சிபிலிஸ் புண் மாதிரி ஏதாவது இருந்தால் அது கூடும். வாய்வழி உறவில் எச்.ஐ.வி ஆபத்து மிக மிகக் குறைவு. சிபிலிஸும் கொனோரியாவும் அந்த வழியிலும் வரும்.

எப்போதாவது உறவு வைப்பவர்களுக்குத் தினமும் மாத்திரை வேண்டியதில்லை. 2-1-1 என்று ஒரு முறை இருக்கிறது: உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்பு இரண்டு மாத்திரை, அதிலிருந்து 24 மணி நேரத்தில் ஒன்று, 48 மணி நேரத்தில் இன்னொன்று. அடுத்தடுத்த நாளும் உறவு தொடர்ந்தால், கடைசி உறவுக்குப் பிறகு இரண்டு நாள் வரை தினம் ஒன்று. ஆனால் தொடங்கும் முன் எச்.ஐ.வி இல்லை என்று பரிசோதித்தே ஆக வேண்டும். ஏற்கெனவே தொற்று இருந்து தெரியாமல் ப்ரெப் எடுத்தால் மருந்துக்கு அடங்காத வைரஸ் உருவாகலாம். ஹெபடைடிஸ் பி இருந்தால் விட்டுவிட்டு எடுப்பது கல்லீரலைப் பாதிக்கலாம், மருத்துவரிடம் பேச வேண்டும்.

எதுவும் இல்லாமல் நடந்துவிட்டதா? ப்ரெப் வேறு, பெப் வேறு. பெப் என்பது நடந்த பிறகு எடுப்பது. 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் தொடர வேண்டும். அந்த நேரத்தில் வெட்கப்பட்டு இரண்டு நாள் கடத்திவிடுகிறார்கள், எனக்கு அதுதான் மிகுந்த வருத்தம்.

மாத்திரையை மறைக்க முடியாத வீடுகளுக்காகவும் வழி வந்திருக்கிறது. லெனாகபாவிர் என்ற ஊசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. 2024-இல் வெளியான பர்ப்பஸ்-2 ஆய்வில் அதைப் போட்டுக்கொண்ட 2,179 பேரில் 2 பேருக்கு மட்டுமே தொற்று வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூலையில் பரிந்துரைத்தது. எல்லா இடத்திலும் இன்னும் எளிதில் கிடைப்பதில்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். இதில் எந்த மருந்தும் உங்கள் மனைவிக்கு சிபிலிஸ் போகாமல் தடுக்காது. ஆண்களோடு ஆணுறை, முறையான பரிசோதனை, இரண்டும் அவருக்காகவும் வேண்டியவை. அவரிடம் என்ன சொல்வது, எப்போது சொல்வது என்பது உங்கள் முடிவு. அவர் உடம்பைப் பாதுகாப்பது அந்த முடிவுக்காகக் காத்திருக்க முடியாது.

#11 வாடைக்காற்று

நம்பிக்கை, முடிச்சு என்றெல்லாம் பேசுகிறீர்கள். பலம் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

நான் பாட்டம், அதாவது உறவில் பெறுபவன். உருவத்தில் ஒல்லி. எதிரில் இருப்பவர் வயதில் மூத்தவர், இடம் அவருடையது, செலவு அவருடையது. அந்த அறையில் "காண்டம் போடுங்க" என்று சொல்ல எனக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் முகம் சுருங்கினால் போதும், நான் அடங்கிவிடுவேன். அழகானவர் என்னைத் தேர்ந்தெடுத்ததே பெரிது என்ற நினைப்பு வேறு.

ஒரு தடவை போட்டுக்கொண்டுதான் தொடங்கினார். முடிந்த பிறகுதான் அது தரையில் கிடந்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு "உனக்குத் தெரியலையே, அப்புறம் என்ன" என்றார். அன்று எனக்கு நடந்தது என்ன என்று எனக்கே பெயர் சொல்லத் தெரியவில்லை. பெப் எடுத்தேன். மருந்தின் குமட்டலைவிட, அவர் அப்படிச் சொன்னதுதான் பல மாதம் கூடவே இருந்தது. சம்மதித்தது ஆணுறையோடு நடக்கும் உறவுக்கு. சொல்லாமல் கழற்றினால் அங்கே சம்மதம் முடிந்துவிட்டது. சில நாடுகளில் இது சட்டப்படி குற்றம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இப்போது நான் ப்ரெப் எடுக்கிறேன், ஆணுறையும் கேட்கிறேன். மாத்திரை யாரும் கழற்ற முடியாதது.

#12 மின்மினி23

வாடைக்காற்று, படிச்சுட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியல. நான் ப்ரெப் எடுக்கிறது பயம் இல்லாம இருக்க. நீங்க எடுக்கிறது இன்னொருத்தர் கையில உங்க உடம்பு மாட்டிக்கக் கூடாதுன்னு. அதே மாத்திரைதான், நான் இப்படி ஒரு பக்கத்துல இருந்து யோசிச்சதே இல்ல. பழையதோழன் ஐயா சொன்னதும் இப்ப வேற மாதிரி புரியுது.

#13 நடுநிசி

ஒரு விஷயம் யாரும் சொல்லத் தயங்குகிறீர்கள். பலருக்கு ஆணுறை போட்டதும் விறைப்பு போய்விடுகிறது. எனக்கும் அப்படித்தான். அந்த அவமானத்துக்குப் பயந்துதான் "எனக்குப் பிடிக்காது" என்று சொல்லிச் சமாளிக்கிறேன். இதற்கும் நம்பிக்கைக்கும் சம்பந்தம் இல்லை. ஆய்வகத்தான் ஏதாவது வழி சொல்வாரா?

#14 ஆய்வகத்தான்

இது மிகவும் சாதாரணம், வெட்கப்பட ஒன்றும் இல்லை. முதலில் அளவைப் பாருங்கள். இறுக்கமான ஆணுறை போட்டுவிட்டுத் தன் உடம்பைக் குறை சொல்பவர்கள் ஏராளம். அகலம் வேறுபடும் அளவுகள் கிடைக்கின்றன. போடுவதற்கு முன் நுனியின் உள்ளே ஒரு சொட்டு லூப்ரிகன்ட் விட்டால் உணர்வு கூடும். வெளியே தாராளமாக வேண்டும். தண்ணீர் அல்லது சிலிகோன் கலந்தது மட்டும். எண்ணெய், வாசலின், லோஷன் எதுவும் ஆணுறையின் லேட்டக்ஸ் ரப்பரை நிமிடங்களில் பலவீனமாக்கிவிடும். நானாக்சினால்-9 என்ற விந்தணுக்கொல்லி கலந்ததைத் தவிருங்கள், அது ஆசனவாயின் உள்தோலைப் புண்ணாக்கி ஆபத்தைக் கூட்டும். தனியாக இருக்கும்போது போட்டுப் பழகுங்கள். அப்படியும் சரிவரவில்லை என்றால் ப்ரெப் இருக்கிறதே. ஆணுறை முடியாதவருக்கு வழியே இல்லை என்ற காலம் போய்விட்டது.

#15 முல்லைநிலவன்

வாடைக்காற்று, உங்களுக்கு நடந்தது தவறு, தவறு முழுக்க அந்த ஆளுடையது. எழுதியதற்கு நன்றி. நான் முதல் பதிவில் இரண்டு பேரும் சமமாக உட்கார்ந்து பேசுவதை மட்டுமே மனத்தில் வைத்து எழுதியிருந்தேன். பேசவே முடியாத அறைகளும் இருக்கின்றன. அந்த அறைக்குள் போகும் முன்பே செயலியில், எழுத்தில் சொல்லிவிடுவது உதவும் என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். "நான் ஆணுறையோடுதான். சரி என்றால் சந்திப்போம்." முகம் சுருங்குவதை நேரில் பார்க்க வேண்டியதில்லை, ஒத்துவராதவர் அங்கேயே போய்விடுவார்.

பேசக்கூடிய இணைகளுக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. 1993-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் சூசன் கிப்பாக்ஸும் உடன் பணியாற்றியவர்களும் சிட்னியின் தன்பாலீர்ப்பு ஆண்களிடம் கண்டதை எழுதினார்கள். நிலையான இணைகள் சிலர் ஆணுறையை விட்டிருந்தார்கள், ஆனால் வாய்மூடி விடவில்லை. இருவரும் பரிசோதித்து முடிவைப் பகிர்ந்திருந்தார்கள். வெளியில் உறவு உண்டா இல்லையா, உண்டென்றால் அங்கே ஆணுறை கட்டாயம் என்று பேசி வைத்திருந்தார்கள். பேசிப் பெற்ற பாதுகாப்பு அது.

நானும் என் துணைவரும் அப்படித்தான் செய்தோம். சேர்ந்தே ஆய்வகத்துக்குப் போனோம். முதல் பரிசோதனைக்குப் பிறகும் ஆணுறையைத் தொடர்ந்தோம், ஏனென்றால் இப்போதைய ஆய்வக ரத்தப் பரிசோதனை உறுதியாகச் சொல்ல, கடைசி ஆபத்திலிருந்து 45 நாள் வரை ஆகலாம். அதன்பின் மறுபடி சோதித்துக்கொண்டோம். எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது பரிசோதனை இல்லை, மூன்றாவது பேச்சுதான்: ஒப்பந்தம் மீறப்பட்டால் என்ன செய்வது? "மீற மாட்டேன்" என்று சத்தியம் வாங்கினால் மீறியவன் மறைப்பான். அதனால் நாங்கள் வாங்கிக்கொண்ட வாக்கு வேறு. மீறினால் அன்றைக்கே சொல்ல வேண்டும், சொன்னால் முதல் வாரம் சண்டை கிடையாது, ஆணுறை திரும்பும், பெப் தேவையா என்று பார்ப்போம். சண்டையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

ஈரநிலம் சொன்னதும் இதே இடத்துக்குத்தான் வருகிறது. உண்மை சொன்னவனுக்குத் தண்டனை இல்லை என்று முன்கூட்டியே உறுதி கொடுத்தால்தான் உண்மை வெளியே வரும்.

"சந்தேகப்படுறியா?" என்று கேட்பவருக்கு நான் சொல்லச் சொல்லும் பதில்: "உன்னை நம்பறேன். நம்ம ரெண்டு பேர் ரத்தமும் என்ன சொல்லுதுன்னு நமக்குத் தெரியாதே, சேர்ந்து போய்ப் பார்த்துட்டு வருவோம்." குற்றச்சாட்டு ஒருவர்மேல் விழாமல் இருவருக்கும் பொதுவான வேலையாக மாறுகிறது.

#16 நேர்கோடு

முல்லைநிலவன் சொல்வது படித்த, வசதியான, சேர்ந்து வாழும் இணைகளுக்குச் சரி. ஒரு இரவுச் சந்திப்பில் ஒப்பந்தம் எங்கே வரும்? அங்கே ஆணுறைதான் என்பதில் நான் மாறவில்லை. ஆய்வகத்தான் கொடுத்த சிட்னி கணக்கை ஏற்கிறேன். இருகரையிடம் நான் பேசிய விதம் தேவையற்றது. மனைவிக்குத் தெரியும் உரிமை உண்டு என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

#17 ஈரநிலம்

நேர்கோடு, ஒரு இரவுச் சந்திப்பில் ஆணுறை வேண்டும் என்பதில் எனக்கும் சம்மதம்தான். அது கைக்கு எட்டும், மருத்துவர் சீட்டு வேண்டாம், மற்ற நோய்களையும் பெருமளவு தடுக்கும். ஆனால் "ஆணுறைதான்" என்று அடித்துச் சொல்லும்போது முடியாதவர்கள் இழையை மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். நடுநிசி, இருகரை போன்றவர்கள் போய்விடக் கூடாது என்பதே என் கவலை.

#18 இருகரை

எல்லோருக்கும் நன்றி. நேர்கோடு உட்பட. பரிசோதனைக்கு நேரம் வாங்கிவிட்டேன், வீட்டுக்குத் தெரியாத இடத்தில். அங்கே போய் என்ன கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். "எல்லாம் பாருங்க" என்று சொன்னால் போதுமா?

#19 ஆய்வகத்தான்

போதாது. "எல்லாம்" என்றால் பல இடங்களில் ரத்தமும் சிறுநீரும் மட்டும் எடுப்பார்கள். ரத்தத்தில் எச்.ஐ.வி, சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி கேளுங்கள். கொனோரியாவும் கிளமிடியாவும் தொண்டையிலும் ஆசனவாயிலும் அறிகுறியே இல்லாமல் இருக்கும், சிறுநீரில் அவை தெரியாது. தொண்டையில் ஸ்வாப், அதாவது பஞ்சுக் குச்சியால் மாதிரி, எடுக்கச் சொல்லுங்கள், நீங்கள் பெறுபவராகவும் இருந்திருந்தால் ஆசனவாயிலும். ஆண்களோடு உறவு உண்டு என்று சொன்னால்தான் அவர்களுக்கு அது தோன்றும். வாய்விட்டுச் சொல்ல முடியாவிட்டால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், எத்தனையோ பேர் அப்படிக் கொடுத்திருக்கிறார்கள்.

கடைசியாக ஆணுறை இல்லாமல் இருந்த தேதியைச் சொல்லுங்கள். 45 நாள் ஆகவில்லை என்றால் இப்போது ஒருமுறை, அந்த நாள் கடந்த பிறகு ஒருமுறை. அதுவரை வீட்டிலும் ஆணுறை இருந்தால் நல்லது. குடும்பக் கட்டுப்பாடு என்ற காரணம் அங்கே யாரையும் கேள்வி கேட்க வைக்காது.

ப்ரெப் வேண்டும் என்றால் சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் பி இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்று வந்தால் தடுப்பூசியை அன்றே தொடங்கிவிடலாம். முடிவு கைக்கு வந்ததும், என்ன வந்திருந்தாலும், எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.